அட்டியலுக்கு நடந்த கல்யாணம்

ஞாயிற்றுக்கிழமை காலை, தேயிலைத் தோட்டத்து மேட்டு லயத்தில் வரிசையாக ஒட்டியிருந்த எல்லா வீட்டிலும் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த நேரத்தில் சைரன் அலறியது.

மழைக்காலத்தில் மண்சரிவுச் சைரன் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று தோட்டத்து மக்களுக்கு ஏற்கனவே வகுப்பு எடுத்திருந்தார்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், இருக்கிற நகைநட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, மலையைத் திரும்பிப் பார்க்காமல் பெரட்டுக் களத்துக்கு ஓட வேண்டும். ஓடினார்கள். மாயாண்டி டீவியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பக்கத்து வீட்டு மரியநாயகி ஒரு கையில் மாதா சொரூபமும் மறு கையில் ரைஸ் குக்கருமாக ஓடினாள். மாயாண்டியின் மனைவி பூரணி அடுப்பிலிருந்த ரொட்டியை மறந்துவிட்டு, அரிசி டின்னுக்குள் கிடந்த துணி முடிச்சொன்றை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள்.

தினமும் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் அந்தக் களத்தில் ஒரு வெள்ளை வேன் நின்றது. அதன் தலையில்தான் சைரன் சுழன்றுகொண்டிருந்தது. பக்கவாட்டில் 'மலைநாட்டு மரபு ஆபரணப் பாதுகாப்புப் பேரவை' என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. கோட் அணிந்த ஒருவர் இறங்கி ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார். பேரவையின் தலைவர், கௌரவ கலாநிதி சிவசாமி.

"பயப்பட வேண்டாம்," என்றார் அவர். "மண் சரியவில்லை. மரபுதான் சரிந்துகொண்டிருக்கிறது. நாங்கள் பல தோட்டங்களுக்குக் கடிதம் அனுப்பினோம், ஒருவரும் வரவில்லை. கூட்டம் வைத்தோம், வெறுங்கையோடு வந்து தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். சைரன் அடித்தால் மட்டும் வீட்டில் உள்ள பெறுமதியான பொருளை எல்லாம் நீங்களாகவே எடுத்துக்கொண்டு வருகிறீர்கள். இது எமது ஆய்வில் தெரியவந்த உண்மை."

மக்கள் மூச்சு வாங்கிக்கொண்டு மலையைப் பார்த்தார்கள். மலை அதன் இடத்தில் இருந்தது.

வேனிலிருந்து இறங்கிய இளம்பெண் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு வரிசையைப் பரிசோதிக்கத் தொடங்கினாள். பெயர் றொசானா, பேரவையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர். டீவிகளைக் கடந்தாள். ரைஸ் குக்கர்களைக் கடந்தாள். நகை எங்கே என்று கேட்டபோது, அதெல்லாம் ஹட்டனில் அடகுக் கடையில் பத்திரமாக இருக்கிறது என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். தோட்டத்து நகைகளைப் பாதுகாக்க ஏற்கனவே ஓர் அமைப்பு இயங்கிவருவது பேரவையின் ஆய்வில் வரவில்லை.

பூரணியின் இடுப்பு முடிச்சு மட்டும் அவிழ்ந்தது. உள்ளே ஓர் அட்டியல். கழுத்தோடு ஒட்டிக் கிடக்கும் வெள்ளிப் பட்டை, சுற்றிலும் சிவப்புக் கல், நடுவில் மாங்காய் வடிவத்தில் தங்கப் பதக்கம். ஒரு கல் விழுந்த இடத்தை யாரோ அரக்கு வைத்து அடைத்திருந்தார்கள். கடல் தாண்டி வந்த காலத்தில் யார் கழுத்தில் வந்தது என்று எவருக்கும் தெரியாது. ஆகவே அது எல்லோருக்கும் சொந்தம்.

றொசானா கேட்கக் கேட்க பூரணி அதன் வழக்கத்தைச் சொன்னாள். மேட்டு லயத்திலும் கீழே இருக்கும் பணிய லயத்திலும் கல்யாணம் ஆகும் பெண்கள் எல்லோரும் இதைத்தான் போட வேண்டும். பிறந்த பெண்ணானாலும் சரி, மருமகளாக வரும் பெண்ணானாலும் சரி. கோயிலுக்குப் போகிறவர்களும் போடுவார்கள், சேர்ச்சுக்குப் போகிறவர்களும் போடுவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அது அந்தப் பெண்ணிடமே இருக்கும். அடுத்த கல்யாணப் பெண்ணைப் பெற்றவள் வெற்றிலைத் தட்டோடு வந்து, தன் கையால் கழற்றிக்கொண்டு போவாள். வேறு யாரும் கை வைக்கக் கூடாது. பூரணியின் மகள் நிலக்ஷிக்கு மாதக் கடைசியில் கல்யாணம் என்பதால், மரியநாயகியின் மகளிடமிருந்து பூரணி அதைக் கழற்றி வந்திருந்தாள்.

றொசானா எழுதிக்கொண்டே வந்தவள் பேனாவை நிறுத்திவிட்டு அட்டியலைப் பார்த்தாள். வெள்ளி கருத்துப்போய், மாலை நேரத்து மேகம் மாதிரி இருந்தது. "அழகா இருக்குங்க," என்றாள் மெதுவாக. அந்தப் பேரவையில் அன்றுவரை எவரும் சொல்லாத வார்த்தை அது.

தலைவர் சொன்னார், பதிவு செய்யாத பழமை ஆபத்தானது என்று. புதன்கிழமை பேரவை முறைப்படி வந்து பொறுப்பேற்கும், பதிவு செய்யும். பிறகு திருப்பித் தருவார்களா என்று பூரணி கேட்டாள். "உரிய காலத்தில்," என்றார் தலைவர். அடையாள அட்டைக்கு விண்ணப்பித்ததுபோல, கொடுத்தால் முத்திரை குத்தித் திருப்பித் தருவார்கள் என்று பூரணி நினைத்துக்கொண்டாள். மாயாண்டிக்கு அடையாள அட்டை வர எத்தனை வருஷம் ஆனது என்பதை அவள் அப்போது யோசிக்கவில்லை.

புதன்கிழமை பெரிய மனிதர்கள் வருகிறார்கள். கருத்துக் கிடக்கும் நகையை அவர்கள் கையில் கொடுத்தால் தோட்டத்துக்கே மானக்கேடு. செவ்வாய்க்கிழமை வேலை விட்டு வந்ததும் லயத்துப் பெண்கள் பூரணி வீட்டு வாசலில் கூடினார்கள். கோயில் திருநீற்றை அள்ளிப் போட்டு, பழைய சேலைத் துணியால் தேய்த்தார்கள். இடுக்குகளுக்கு மரியநாயகி பல்துலக்கும் பிரஷ் கொண்டுவந்தாள். விளக்கு வைக்கும் நேரத்தில் அட்டியல் புதுக் கிண்ணம் மாதிரி பளபளத்தது. பதக்கத்துக்கு ஒரு குங்குமப் பொட்டும் வைத்தார்கள்.

மறுநாள் தட்டில் அதைப் பார்த்த தலைவர், செத்த வீட்டுக்கு வந்தவர்போல நின்றார்.

"நூறு வருஷத்துக் கருமை," என்றார். "எங்கே அது?"

பூரணி அந்தச் சேலைத் துணியைக் கொண்டுவந்து காட்டினாள். பேரவை அந்தத் துணியையும் பொறுப்பேற்றுக்கொண்டது.

அடுத்த வாரம் பூரணியை நுவரெலியாவுக்கு விசாரணைக்கு அழைத்தார்கள். ஒருநாள் பேரையும் அதற்கான சம்பளத்தையும் தொலைத்து, இரண்டு பஸ் மாறிப் போனாள். பேரவையின் நூதனசாலை ஒரு பழைய பங்களாவில் இருந்தது. உள்ளே வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு வெல்வெட்டு, அதற்கு மேலே சின்ன விளக்கு. எல்லாப் பெட்டிகளும் காலி. வாசலில் காவலாளி ஒருவன், அந்தக் காலிப் பெட்டிகளைத் தொட வேண்டாம் என்று அவளை எச்சரித்தான். நடுப்பெட்டியில் மட்டும் அட்டியல் இருந்தது. அதற்குப் பக்கத்துப் பெட்டியில் சேலைத் துணி இருந்தது.

விசாரணைக் குழுவில் தலைவர், உபதலைவர்கள், செயலாளர், உபசெயலாளர்கள், ஆலோசகர் என்று மேசையின் மூன்று பக்கமும் நிறைந்திருந்தார்கள். பேரவையில் நகையைவிடப் பதவிகள் அதிகம் என்பது பூரணிக்கு ஒரு பார்வையில் புரிந்தது. தேய்க்கச் சொன்னது யார் என்று கேட்டார்கள். யாரும் சொல்லவில்லை, அழுக்காக இருந்தது, தேய்த்தோம் என்றாள். அதைச் செயலாளர் 'கூட்டுச் செயற்பாடு' என்று எழுதினார்.

"அம்மா," என்றார் தலைவர் கனிவாக. "இத்தனை தலைமுறையாக நீங்கள் இதைப் பாதுகாத்தீர்கள். நன்றி. இனி இதை உங்களிடமிருந்து பாதுகாக்க வேண்டியது எங்கள் கடமை."

இழந்த கருமையை மீட்க ஓர் உபகுழு ஏற்கனவே அமைக்கப்பட்டிருந்தது. அவித்த முட்டையோடு ஒரு மூடிய பெட்டியில் வைத்தால் வெள்ளி கருக்கும் என்று றொசானா சொல்லியிருந்தாள். அது உண்மைதான். ஒரு முட்டை போதும் என்றும் சொல்லியிருந்தாள். உபகுழு கூடைக் கணக்கில் வாங்கியது. அன்று மத்தியானம் குழு உறுப்பினர்கள் அனைவரும் முட்டைக் குழம்போடு சோறு சாப்பிட்டார்கள். பூரணிக்கும் ஒரு முட்டை கொடுத்தார்கள். அட்டியல் ஓரளவு கருத்தது.

புறப்படும்போது பூரணி கேட்டாள், "அப்ப ஐயா, மக கல்யாணத்துக்கு எப்ப வந்து எடுத்துக்கிறதுங்க?"

மேசையின் மூன்று பக்கமும் பேனாவைக் கீழே வைத்தது.

மரபு ஆபரணத்தை அணிவது அதை அழிப்பதற்குச் சமம் என்று ஆலோசகர் விளக்கினார். வியர்வையில் உப்பு, சந்தனத்தில் எண்ணெய், மஞ்சளில் மஞ்சள். அணியாத நகைதான் நீண்ட நாள் வாழும். அப்படியானால் நகை எதற்கு என்று பூரணி கேட்கவில்லை. கேட்கத் தோன்றியது. ஆனால் கோட் போட்டவர்கள் அதிகமாக இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னாள். மாயாண்டி தலையில் கைவைத்துக்கொண்டான். கல்யாணம் பணிய லயத்துத் திலக்ஷனோடு. கினிகத்தேனையில் போன் கடையில் வேலை பார்க்கும் நல்ல பையன். பிரச்சினை அவனுடைய தாய் நாகலெட்சுமி. அந்த லயத்தில் அட்டியல் போடாமல் கல்யாணம் செய்தவள் அவள் ஒருத்திதான். வீட்டுக்குத் தெரியாமல் பதிவுத் திருமணம் செய்தவள். அன்றிலிருந்து குழாயடிச் சண்டை எதுவானாலும், தண்ணீரில் தொடங்கி, 'அட்டியல் போடாதவதானே நீ' என்பதில் முடியும். சம்பந்தம் பேசியபோது நாகலெட்சுமி நகை கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை. ஒன்றைத்தான் கேட்டாள்.

இப்போதும் அதையே சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "எங் கழுத்துலதான் ஏறல. வர்ற மருமக கழுத்துலயாச்சும் ஏறணும் பூரணி. இல்லாட்டி கல்யாணத்த தள்ளி வைப்போம். அட்டியல் வர்ற அன்னைக்கு வைப்போம்."

"அந்த ஆளுங்ககிட்ட இருந்து அது வாறப்ப, ஒம் மகனுக்கு பென்சன் வந்துரும்," என்றான் மாயாண்டி.

நிலக்ஷி எழுந்தாள். உள்ளே போய்ச் சுவரிலிருந்த அம்மாவின் கல்யாணப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் படத்தில் பூரணியின் முகம் பாதி மங்கிவிட்டது. அட்டியல் மட்டும் தெளிவாக இருந்தது.

பூரணி மறுபடி நுவரெலியாவுக்குப் போனாள். அவள் வாசலில் நின்று அழுததைக் காவலாளி பதிவு செய்தான். றொசானா வெளியே வந்து அவளை ஒரு காலிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள், பேரவை விதிகளின்படி நகையை அணியக் கொடுக்க முடியாது, ஆனால் நடமாடும் கண்காட்சிக்கு அனுப்ப முடியும் என்று.

"அப்புடின்னா?"

"கல்யாணம்னு சொல்லாதீங்க. கண்காட்சின்னு சொல்லுங்க. பொண்ணுன்னு சொல்லாதீங்க. நகை வைக்கிற தாங்கின்னு சொல்லுங்க."

தலைவருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. நூதனசாலைத் திறப்பு விழா கல்யாணத்துக்கு மறுநாள்தான். வெளிநாட்டுத் தூதுவர் ஒருவர் வருகிறார். பேரவை மக்களிடம் போகிறது என்று காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் இல்லை. உள்ளூர்த் தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்புக்கும் ஏற்பாடு செய்தார்.

அதன் பிறகு பேரவையிலிருந்து ஆள்கள் நிலக்ஷியைப் பரிசோதிக்க வந்தார்கள். கழுத்தின் சுற்றளவை அளந்தார்கள். வியர்க்கிறதா என்று அவளைப் படியில் ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்தார்கள். நிபந்தனைகளை வாசித்தார்கள். தாங்கி சிரிக்கலாம், அளவோடு. குனியக் கூடாது. அழக் கூடாது, கண்ணீர் வெள்ளிக்கு ஆகாது. மாலை நகையில் படக் கூடாது. சந்தனம், மஞ்சள், பன்னீர் முற்றாகத் தடை. தாங்கியின் தாய் அழுவதானால் கயிற்றுக்கு வெளியே நின்று அழ வேண்டும்.

"மாப்பிள்ள கயித்துக்கு உள்ளயா வெளியயா?" என்று மாயாண்டி கேட்டான்.

உள்ளேதான், ஆனால் கையுறையோடு என்றார்கள்.

கல்யாண நாளன்று தோட்டத்து அம்மன் கோயில் மண்டபத்தில், மணவறையைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டப்பட்டிருந்தது. நிலக்ஷிக்குப் பக்கத்தில் ஒரு பலகை நின்றது. அதில் அட்டியலின் வரலாறு, எடை, வழக்கம் எல்லாம் மும்மொழியிலும் எழுதியிருந்தது. கீழே, சின்ன எழுத்தில், 'தாங்கி: தற்காலிகம்'. காவலாளி தோழிப்பெண்ணின் இடத்தில் நின்றான். தோழிப்பெண் கயிற்றுக்கு வெளியே நின்றாள். அட்சதை போட வந்தவர்களை, அரிசி நகையில் கீறல் போடும் என்று உபசெயலாளர் தடுத்தார். அவர்கள் அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உபசெயலாளரின் தலையில் போட்டார்கள்.

முகூர்த்தம் நெருங்கியபோது தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"பேரவை பொருளை மட்டும் காப்பதில்லை," என்று கமெராவைப் பார்த்துச் சொன்னார். "பொருளோடு வந்த வழக்கத்தையும் காக்கிறது. எங்கள் சட்ட யாப்பின் முதலாவது விதி அது. இந்தப் பலகையில் உள்ள வழக்கத்தில் ஓர் எழுத்தும் மீறப்படாது என்று, தூதுவர் அவர்களின் முன்னிலையில், அவர் நாளைக்குத்தான் வருகிறார், இருந்தாலும் இப்போது பார்த்துக்கொண்டிருப்பார், உறுதி கூறுகிறேன்."

பேச்சு முடியவில்லை. பூசாரி நேரம் போகிறது என்று சைகை காட்டினார். தலைவர் அதை வணக்கம் என்று நினைத்துக் கைகூப்பிவிட்டுத் தொடர்ந்தார். நாகலெட்சுமி எழுந்து மேளக்காரரிடம் போய் ஏதோ சொன்னாள். மேளக்காரர் கெட்டிமேளத்தைத் தொடங்கினார். தலைவரின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. பார்வைக்கு அது ஓர் ஆசீர்வாதம் மாதிரியே இருந்தது.

திலக்ஷன் வெள்ளைக் கையுறையோடு தாலியை எடுத்தான். கயிறு வழுக்கியது. முதல் முடிச்சு நிற்கவில்லை. நிலக்ஷி குனிய வேண்டும், குனியக் கூடாது. திலக்ஷன் எழுந்து பின்னால் போய், ரேடியேட்டரைத் திறக்கும் டிரைவர் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு முயன்றான். கடைசியில் பல்லால் ஒரு கையுறையைக் கழற்றித் துப்பிவிட்டு முடிச்சைப் போட்டான். மிச்ச முடிச்சுகளைப் போட வந்த அவனுடைய அக்காவை, அவளுக்குக் கையுறை ஒதுக்கப்படவில்லை என்று காவலாளி மறித்தான். அவள் அவனை நகர்த்திய விதத்தை நேரடி ஒளிபரப்பில் பலரும் பார்த்தார்கள்.

நிலக்ஷி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கருத்த வெள்ளி, சிவப்புக் கல், மாங்காய்ப் பதக்கம், எல்லாம் அவள் கழுத்தில் ஒட்டிக் கிடந்தன. கயிற்றுக்கு வெளியே, தனக்கு ஒதுக்கிய இடத்தில் நின்று பூரணி அழுதாள். பக்கத்தில் நாகலெட்சுமியும் அழுதாள். சம்பந்திக்கு அழுவதற்கு இடம் ஒதுக்கப்படவில்லை என்று யாரும் சொல்லத் துணியவில்லை.

சாப்பாடு முடிந்ததும் காவலாளி வெல்வெட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டு நிலக்ஷியிடம் வந்தான். உபசெயலாளர் புதுக் கையுறை மாட்டிக்கொண்டார். நாளை திறப்பு விழா, பெட்டி நுவரெலியாவுக்கு இன்றே போக வேண்டும்.

பூரணிக்குப் பதற்றமாகிவிட்டது. "ஐயா, ஐயா, அப்புடி நீங்க கழட்டக் கூடாதுங்க. அடுத்த கல்யாணப் பொண்ணோட அம்மா வந்துதாங்க கழட்டணும். நாந்தான் மிஸ்ஸுகிட்ட சொன்னேனே."

"அது பழைய வழக்கம் அம்மா," என்றார் உபசெயலாளர்.

"ஆமாங்க. பழசுங்க," என்றாள் பூரணி. "அதுக்காகத்தானே நீங்க வந்தீங்க?"

உபசெயலாளரின் கை கழுத்துக்கு அருகில் நின்றது. எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். மும்மொழியிலும் தெளிவாக இருந்தது. கமெராவில் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கமெராக்காரன் சாப்பாட்டுக்குப் பிறகு புது உற்சாகத்தோடு பெட்டியையும் கழுத்தையும் மாறிமாறிக் காட்டினான்.

தலைவர் சூழ்நிலையைப் புரிந்துகொண்டார். சற்று முன்புதான் ஓர் எழுத்தும் மீறப்படாது என்று சொல்லியிருந்தார். புன்னகையை வைத்துக்கொண்டே செயலாளரைக் காதருகில் அழைத்தார். அடுத்த கல்யாணம் யாருக்கு என்று உடனே கண்டுபிடிக்கச் சொன்னார். பேரவை முழுவதும் கூட்டத்துக்குள் இறங்கியது. பெண்ணைப் பெற்ற ஒவ்வொருவரிடமும் உபதலைவர்கள் போய், மகளுக்கு எப்போது கல்யாணம் என்று மரியாதையாக விசாரித்தார்கள். ஒருத்தியின் மகள் ஆறாம் வகுப்பு. இன்னொருத்தியின் மகள் யூனிவர்சிட்டிக்குப் போகப் போகிறாள், இப்போது கல்யாணப் பேச்சே வேண்டாம் என்றிருக்கிறாள். மரியநாயகி தன்னிடம் இருந்த ஒரே மகளைக் கொடுத்தாயிற்று என்றாள். பேரவை விரும்பினால் செலவைப் பொறுப்பேற்று ஒரு கல்யாணத்தை நாளைக் காலைக்குள் முடிக்கலாம் என்று ஆலோசகர் சொன்னார். மாப்பிள்ளை இருக்கிறானா என்று மாயாண்டி கேட்டான். இரண்டு லயத்து இளைஞர்களின் கைகளும் உயர்ந்தன. மாப்பிள்ளைக்குத் தட்டுப்பாடில்லை.

நிலக்ஷி மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு பணிய லயத்துப் படிகளில் இறங்கத் தொடங்கினாள். நாகலெட்சுமி அவளை முன்னால் விட்டு, குழாயடி வழியாக, அவசரமே இல்லாமல் கூட்டிக்கொண்டு போனாள். காவலாளி திறந்த பெட்டியோடு பின்னால் நடந்தான்.

தலைவர் அவர்கள் போவதைப் பார்த்தார். கமெராவைப் பார்த்தார். இன்னும் உயர்ந்தபடியே இருந்த இளைஞர்களின் கைகளைப் பார்த்தார். அதற்குப் பிறகு, கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் திரும்பி, கடமை உணர்ச்சியோடு கேட்டார்:

"மிஸ் றொசானா, இதுல ஒங்களுக்குப் புடிச்ச மாதிரிப் பொடியன் யாராச்சும் இருக்கானா?"